எக்ஸ்ப்ளோரரில் திறக்கும் ஷேர் ஃபோல்டர், சர்வீஸாக ஓடும் புரோகிராமுக்கு மட்டும் ஏன் திறப்பதில்லை?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: அலுவலக சர்வரில் இருக்கும் ஒரு ஷேர் ஃபோல்டரை உங்கள் கம்ப்யூட்டரில் இசட் டிரைவாக மேப் செய்து வைத்திருக்கிறீர்கள். எக்ஸ்ப்ளோரரில் அது நன்றாகவே திறக்கிறது. அதில் வந்து விழும் பில் பிடிஎஃப்களை எடுத்து டேட்டாபேஸில் பதிவு செய்ய சி ஷார்ப்பில் ஒரு புரோகிராம் எழுதியிருக்கிறீர்கள், விஷுவல் ஸ்டுடியோவில் ஓட்டினால் அதுவும் சரியாக ஓடுகிறது. ஆனால் அதையே விண்டோஸ் சர்வீஸாக, அதாவது யாரும் லாகின் செய்யாவிட்டாலும் பின்னணியில் ஓடும்படி, போட்டதும் 'பாதையின் ஒரு பகுதியைக் காணவில்லை' என்று நின்றுவிடுகிறது. ஷேரில் எவ்ரிஒன் என்று சேர்த்து ஃபுல் கன்ட்ரோல் கொடுத்துப் பார்த்தும் அதே எரர்தான். இதற்கு மேல் பெர்மிஷனில் எதைத் திறந்துவிட வேண்டும் என்று கேட்கிறீர்கள். நான் புரிந்துகொண்ட வரையில் உங்கள் கேள்விக்குள் இருக்கும் உண்மையான கேள்வி வேறு. உங்கள் புரோகிராம் அந்த சர்வரிடம் யாராகப் போய் நிற்கிறது, அப்படிப் போய் நிற்கவாவது செய்கிறதா என்பதுதான் அது. சிஸ்டம் அட்மின் வேலையில் பல வருடமாக இந்த ஒரு பிரச்சினையை வெவ்வேறு வேஷத்தில் பார்த்து வருகிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால், அந்த எவ்ரிஒன் ஃபுல் கன்ட்ரோலை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அது உங்கள் பிரச்சினையைத் தீர்க்கவில்லை என்பதை நீங்களே பார்த்துவிட்டீர்கள். பில்கள் இருக்கும் ஃபோல்டர் அது. நெட்வொர்க்கில் ஏதோ ஒரு கம்ப்யூட்டரில் ரான்சம்வேர் நுழைந்தால், அந்த கம்ப்யூட்டரில் யார் லாகின் செய்திருக்கிறாரோ அவருக்கு எழுதும் உரிமை இருக்கிற ஷேர்களையெல்லாம் அது தேடிப் பூட்டிவிடும். சோதனைக்காகத் திறந்துவிட்ட கதவு, பிரச்சினை தீர்ந்த பிறகும் வருடக்கணக்கில் அப்படியே கிடப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, எரருக்கு வருவோம். சர்வர் உங்களை உள்ளே விட மறுத்திருந்தால் 'அக்சஸ் டினைடு' என்று வந்திருக்கும். உங்களுக்கு வந்திருப்பது பாதையே இல்லை என்பது. சர்வர் வரைக்கும் புரோகிராம் போகவே இல்லை, உங்கள் கம்ப்யூட்டரிலேயே நின்றுவிட்டது என்று அதற்கு அர்த்தம். காரணம் அந்த இசட் என்கிற எழுத்து. மேப் செய்த டிரைவ் எழுத்து கம்ப்யூட்டருக்குச் சொந்தமானது என்று பலரும் நினைக்கிறார்கள், உண்மையில் அது ஒரு லாகான் செஷனுக்கு மட்டும் சொந்தம். காலையில் நீங்கள் பாஸ்வேர்டு போட்டு உள்ளே வரும்போது உங்களுக்கென்று ஒரு செஷன் உருவாகிறது, இசட் அதற்குள் மட்டும் உயிரோடு இருக்கும். விண்டோஸ் விஸ்டாவில் இருந்து சர்வீஸ்கள் எல்லாம் செஷன் 0 என்று தனியே ஒதுக்கப்பட்ட இடத்தில் ஓடுகின்றன, அவற்றுக்கு லாகானும் தனி. அங்கே இசட் என்று யாரும் மேப் செய்யவில்லை. இதில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: சர்வீஸை உங்கள் சொந்த அக்கவுன்ட்டிலேயே ஓட்டினாலும் இசட் தெரியாது. ஆள் ஒருவர்தான், லாகான் வேறு. இந்தப் பகுதியில் எனக்குச் சந்தேகமே இல்லை, உங்கள் முதல் தடை இதுதான்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. உங்கள் அக்கவுன்ட் அந்த கம்ப்யூட்டரில் அட்மின் என்றால், கமாண்ட் பிராம்ப்ட்டை சாதாரணமாக ஒன்று, 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்து ஒன்று, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து இரண்டிலும் நெட் யூஸ் என்று அடியுங்கள். முதலாவதில் இசட்டுக்கு நேரே ஓகே என்று இருக்கும். இரண்டாவதில் அதே இசட் 'அன்அவைலபிள்' என்று காட்டும், அல்லது பட்டியலிலேயே இருக்காது. யுஏசி (அட்மின் வேலைக்கு முன்னால் அனுமதி கேட்கும் விண்டோஸ் பாதுகாப்பு) இருக்கும்போது ஒரே ஆளுக்கு இரண்டு டோக்கன், அதாவது இரண்டு அடையாளச் சீட்டு, இரண்டு லாகான் செஷன், அதனால்தான் இப்படி. சர்வீஸே இல்லாமல், சாதாரண புரோகிராமை அட்மினாக ஓட்டும்போது மட்டும் நெட்வொர்க் டிரைவ் காணாமல் போகிறது என்று கேட்பவர்களுக்கும் பதில் இதுவே. அவர்களுக்காக ரெஜிஸ்ட்ரியில் 'எனேபிள் லிங்க்டு கனெக்‌ஷன்ஸ்' என்று ஒரு மதிப்பை 1 ஆக்கி ரீஸ்டார்ட் செய்யும் வழி ஒன்று உண்டு. அது அந்த இரண்டு டோக்கன்களையும் இணைக்கும் வேலையை மட்டும் செய்கிறது. சர்வீஸுக்கு அதனால் பயன் இல்லை, உங்கள் விஷயத்தில் அதைத் தொட வேண்டாம்.

ஆக முதல் திருத்தம், புரோகிராமில் இசட் என்பதையே எடுத்துவிட்டு முழு யுஎன்சி பாதையை, அதாவது சர்வர் பெயரில் தொடங்கும் நெட்வொர்க் முகவரியை, போடுவது: \\சர்வர்1\பில்கள் என்பது மாதிரி. இங்கே ஒரு சின்னப் பொறி இருக்கிறது. சி ஷார்ப்பில் சாதாரண ஸ்ட்ரிங்கில் பேக்ஸ்லாஷ் ஒன்று வேண்டுமென்றால் இரண்டு அடிக்க வேண்டும், அதனால் தொடக்கத்தில் நான்கு, நடுவில் இரண்டு. இல்லாவிட்டால் ஸ்ட்ரிங்குக்கு முன்னால் அட் குறியைப் போட்டுவிடுங்கள், அப்போது இருப்பதை இருக்கிறபடியே எடுத்துக்கொள்ளும். பாதையை ஜேசன் கான்ஃபிக் ஃபைலில் வைத்திருந்தால் அங்கேயும் இதே இரட்டிப்பு வேண்டும். தொடக்கத்தில் இரண்டுக்குப் பதில் ஒரே ஒரு பேக்ஸ்லாஷ் போய்ச் சேர்ந்தால், விண்டோஸ் அதை சர்வர் பெயராகவே பார்க்காது. இப்போதைய டிரைவின் வேரில் அந்தப் பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கிறதா என்று தேடும். சர்வீஸுக்கு இப்போதைய டிரைவ் என்பது பொதுவாக விண்டோஸ் இருக்கும் சி டிரைவ்தான். அங்கே அப்படி ஒன்றும் இருக்காது, மறுபடியும் அதே 'பாதையைக் காணவில்லை' எரர் வரும், யுஎன்சியும் வேலை செய்யவில்லை என்று நீங்கள் தவறாக முடிவு கட்டிவிடுவீர்கள். அதனால் புரோகிராம் கடைசியில் எந்தப் பாதையைத் திறக்கப் போகிறதோ அதை அப்படியே லாகில் எழுத வைத்து, கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

இதைச் செய்த பிறகு எரர் மாறலாம். 'அக்சஸ் டினைடு' என்றோ 'லாகான் ஃபெயிலியர்' என்றோ வந்தால் சலித்துக்கொள்ளாதீர்கள், அது முன்னேற்றம். இப்போதுதான் புரோகிராம் சர்வரின் வாசலுக்குப் போயிருக்கிறது, சர்வர் 'நீ யார்' என்று கேட்கிறது. இனிமேல்தான் பெர்மிஷன் என்ற பேச்சுக்கே இடம்.

சர்வீஸ் எந்த அக்கவுன்ட்டில் ஓடுகிறது என்று சர்வீசஸ் ஜன்னலில் 'லாக் ஆன் ஆஸ்' என்ற நெடுவரிசையில் பாருங்கள். நீங்கள் எதையும் மாற்றவில்லை என்றால் லோக்கல் சிஸ்டம் என்றுதான் இருக்கும். உங்கள் கம்ப்யூட்டருக்குள் அதற்கு ஏறக்குறைய எல்லா அதிகாரமும் உண்டு, அதனால் அதற்குத் திறக்காத கதவே இருக்காது என்று நினைக்கத் தோன்றும். நெட்வொர்க்கில் கதை வேறு. டொமைனில் (அலுவலகத்தின் யூசர், கம்ப்யூட்டர் அக்கவுன்ட்டுகளை ஒரே இடத்தில் நிர்வகிக்கும் ஏற்பாடு) சேர்ந்த கம்ப்யூட்டர் என்றால், லோக்கல் சிஸ்டமும் நெட்வொர்க் சர்வீஸும் வெளியே போகும்போது அந்த கம்ப்யூட்டரின் சொந்த அக்கவுன்ட்டாகப் போகும், அதாவது கம்ப்யூட்டர் பெயரின் கடைசியில் டாலர் குறி சேர்ந்த பெயர். லோக்கல் சர்வீஸ் என்ற மூன்றாவது ஒன்று இருக்கிறது, அது பெயரே சொல்லாமல் அனானிமஸாகப் போகும். நீங்கள் கொடுத்த எவ்ரிஒன் அதைக்கூட உள்ளே விடாது, ஏனென்றால் விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்தே அனானிமஸ் எவ்ரிஒன்னில் சேர்த்தி இல்லை. டொமைன் இல்லாமல் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தன் யூசர் பட்டியலைத் தானே வைத்திருக்கும் சாதாரண ஒர்க்குரூப் என்றால் இன்னும் கஷ்டம், உங்கள் கம்ப்யூட்டரின் அந்த டாலர் பெயரை எதிரே இருக்கும் சர்வருக்குத் தெரியவே தெரியாது.

உங்கள் அலுவலகத்தில் டொமைன் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை, அதனால் இரண்டுக்கும் சொல்கிறேன். டொமைன் இருந்தால் நல்ல வழி, இந்த வேலைக்கென்றே ஒரு தனி சர்வீஸ் அக்கவுன்ட் வைப்பது. விண்டோஸ் சர்வர் 2012 முதல் 'குரூப் மேனேஜ்டு சர்வீஸ் அக்கவுன்ட்' என்று ஒன்று உண்டு. அதன் பாஸ்வேர்டை டொமைனே உருவாக்கி, காலாகாலத்தில் தானே மாற்றிக்கொள்ளும், எந்த மனிதருக்கும் அந்தப் பாஸ்வேர்டு தெரிய வேண்டியதில்லை. டொமைன் அட்மின் ஒத்துழைத்தால் இதைக் கேட்டு வாங்குங்கள். அவ்வளவு தூரம் போக முடியாது என்றால், சர்வீஸை நெட்வொர்க் சர்வீஸில் ஓட்டி, ஷேரில் உங்கள் கம்ப்யூட்டரின் அக்கவுன்ட்டுக்கு உரிமை கொடுக்கலாம். அதைச் சேர்க்கும் ஜன்னலில் கம்ப்யூட்டர் பெயரை அடித்தால் 'அப்படி ஒன்று இல்லை' என்று சொல்லும், அதைப் பார்த்ததும் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். அதே ஜன்னலில் 'ஆப்ஜெக்ட் டைப்ஸ்' என்ற பட்டனை அழுத்தி கம்ப்யூட்டர்ஸ் என்பதை டிக் செய்துவிட்டுத் தேடுங்கள், கிடைக்கும். ஆனால் இதில் ஒரு குறை உண்டு: அந்த கம்ப்யூட்டரில் நெட்வொர்க் சர்வீஸாகவோ லோக்கல் சிஸ்டமாகவோ ஓடும் எல்லா சர்வீஸுக்கும் அந்த ஃபோல்டர் திறந்துவிடும். பில் ஃபோல்டருக்கு எனக்கு அது அவ்வளவு பிடிக்காது.

ஒர்க்குரூப் என்றால் பழைய வழிதான்: சர்வரில் ஒரு லோக்கல் யூசரை உருவாக்குங்கள், உங்கள் கம்ப்யூட்டரிலும் அதே பெயர், அதே பாஸ்வேர்டில் ஒரு லோக்கல் யூசரை உருவாக்கி சர்வீஸை அதில் ஓட்டுங்கள். பெயரும் பாஸ்வேர்டும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால் சர்வர் அவரைத் தன் ஆளாகவே ஏற்றுக்கொள்ளும். பாஸ்வேர்டு காலியாக இருக்கக் கூடாது, காலி பாஸ்வேர்டில் நெட்வொர்க் வழியே உள்ளே வர விண்டோஸ் இயல்பாகவே அனுமதிப்பதில்லை. அப்புறம், லாகின் செய்ய நீங்கள் போடும் 4 இலக்க பின் நம்பரை இங்கே பாஸ்வேர்டாகப் போட முடியாது, அந்த நம்பர் அந்த ஒரு கம்ப்யூட்டருக்குள் மட்டும் செல்லும். அக்கவுன்ட்டை சர்வீசஸ் ஜன்னல் வழியாகவே மாற்றுங்கள். அப்படி மாற்றினால் 'லாக் ஆன் ஆஸ் எ சர்வீஸ்' என்ற உரிமையை அது தானாகவே கொடுத்துவிடும். கமாண்டில் மாற்றினால் கொடுக்காது, சர்வீஸ் கிளம்பவே மறுக்கும், நீங்கள் மறுபடி ஷேரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பீர்கள்.

உரிமை கொடுக்கும்போது இரண்டு இடம் பார்க்க வேண்டும். நீங்கள் ஷேரிங் டேபில் மட்டும் கொடுத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். செக்யூரிட்டி டேபில் இருக்கும் என்டிஎஃப்எஸ் பெர்மிஷன் தனி, நெட்வொர்க் வழியாக வரும் ஆளுக்கு இரண்டும் பொருந்தும், இரண்டில் எது குறுகலோ அதுதான் கடைசியில் நிற்கும். ஷேரில் ஃபுல் கன்ட்ரோல் இருந்து செக்யூரிட்டியில் அந்த அக்கவுன்ட்டுக்கு ஒன்றும் இல்லை என்றால் கதவு மூடியேதான் இருக்கும். உங்கள் புரோகிராம் ஃபைலைப் படித்துவிட்டு வேறு ஃபோல்டருக்கு நகர்த்துகிறது என்றால் படிக்கும் உரிமை போதாது, மாடிஃபை வேண்டும், நகர்த்துவது என்றால் பழைய இடத்தில் அழிப்பதும் சேர்ந்ததுதானே. ஃபுல் கன்ட்ரோல் எந்த நிலையிலும் தேவையில்லை.

இனி உங்கள் கோடுக்குள் ஒரு விஷயம். நீங்கள் அனுப்பிய துண்டில், ஃபைல் இருக்கிறதா என்று ஃபைல் டாட் எக்ஸிஸ்ட்ஸ் வைத்துப் பார்த்து, இல்லை என்றால் 'இன்று பில் வரவில்லை' என்று லாகில் எழுதிவிட்டுத் திரும்புகிறீர்கள். இது ஆபத்து. டாட்நெட்டில் அந்த மெத்தட், பார்க்கும்போது என்ன தவறு நேர்ந்தாலும் எக்செப்ஷன் (புரோகிராமை நிறுத்திச் சொல்லும் பிழை அறிவிப்பு) எதையும் வீசாமல் ஃபால்ஸ் என்றுதான் சொல்லும். ஃபைல் இல்லை என்றாலும் ஃபால்ஸ், உரிமை இல்லை என்றாலும் ஃபால்ஸ், நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டாலும் ஃபால்ஸ். டைரக்டரி டாட் எக்ஸிஸ்ட்ஸும் அப்படியே. அக்கவுன்ட்டின் பாஸ்வேர்டு காலாவதியான அன்றிலிருந்து உங்கள் லாகில் தினமும் 'பில் வரவில்லை' என்று அமைதியாக எழுதிக்கொண்டிருக்கும், மாதக் கடைசியில் கணக்குப் பிரிவு கேட்கும்போதுதான் தெரியும். அந்தச் சோதனையை எடுத்துவிட்டு நேரடியாக ஃபோல்டரைப் பட்டியலிடுங்கள், ஃபைலைத் திறந்து பாருங்கள், வரும் எக்செப்ஷனைப் பிடித்து அதன் மெசேஜோடு எச்ரிசல்ட் என்ற எண்ணையும் லாகில் எழுதுங்கள். அந்த எண்ணை ஹெக்ஸில் எழுதினால் 80070035 என்பது போல வரும். முன்னால் இருக்கும் 8007 என்பது விண்டோஸ் எரர் என்பதற்கான அடையாளம், கடைசி நான்கு இலக்கத்தை டெசிமலுக்கு மாற்றினால் உண்மையான எரர் எண் கிடைக்கும். இங்கே 35 என்பது 53.

அந்த எண்தான் பாதி வைத்தியம். 53 வந்தால் சர்வரையே எட்ட முடியவில்லை: பெயர் ஐபியாக மாறவில்லை, அல்லது ஃபைல் ஷேரிங்குக்கான 445 போர்ட் அடைபட்டிருக்கிறது, அல்லது சர்வர் ஓடவில்லை. பிங் போகிறதே என்று சமாதானம் ஆகாதீர்கள், பிங்குக்கும் 445க்கும் சம்பந்தம் இல்லை. பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் கமாண்டில் சர்வர் பெயரும் போர்ட் 445ம் கொடுத்துப் பாருங்கள், ட்ரூ வர வேண்டும். 67 வந்தால் பெரும்பாலும் சர்வர் கிடைத்துவிட்டது, ஷேரின் பெயர் தவறு. 5 என்றால் ஆள் யார் என்று தெரிந்துவிட்டது, உரிமை இல்லை. 1326 என்றால் பெயரோ பாஸ்வேர்டோ தவறு. 1219 என்பது கொஞ்சம் விசித்திரமானது: ஒரே லாகான் செஷனில் இருந்து ஒரே சர்வருக்கு ஏற்கெனவே ஒரு பெயரில் இணைப்பு இருக்கும்போது இன்னொரு பெயரில் நுழையப் பார்த்தால் விண்டோஸ் அதை அனுமதிக்காமல் இந்த எண்ணைக் கொடுக்கும். சர்வர் பெயருக்குப் பதில் ஐபியைப் போட்டால் அந்த எரர் போய்விடுகிறது என்று பலர் சொல்வார்கள், போகும்தான், விண்டோஸ் அதை வேறு சர்வர் என்று நினைத்துக்கொள்கிறது. ஆனால் ஐபி போட்டால் ஆளை அடையாளம் காண டொமைன் பயன்படுத்தும் கெர்பரோஸ் முறை வழக்கமாகக் கிடைக்காது, பழைய முறையான என்டிஎல்எம்முக்கு இறங்கிவிடும், என்டிஎல்எம்மைத் தடுத்து வைத்திருக்கும் நெட்வொர்க்கில் அடுத்த சிக்கல் தொடங்கும். நான் ஐபியைச் சோதனைக்கு மட்டும் பயன்படுத்துவேன், கோடில் விடமாட்டேன்.

சோதனை என்று சொல்லும்போது ஒன்றைக் கவனியுங்கள். எக்ஸ்ப்ளோரரில் திறக்கிறது என்பது நீங்கள் உள்ளே போகலாம் என்பதை மட்டும் நிரூபிக்கிறது, சர்வீஸைப் பற்றி அது ஒன்றுமே சொல்லாது. சர்வீஸ் எந்த ஆளோ அந்த ஆளாகவே போய்த் தட்டிப் பார்க்க வேண்டும். லோக்கல் சிஸ்டம் என்றால் மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் இருக்கும் பிஎஸ்எக்ஸெக் கருவியில் எஸ், ஐ என்ற இரண்டு சுவிட்சும் கொடுத்து ஒரு கமாண்ட் பிராம்ப்ட் திறங்கள். அது லோக்கல் சிஸ்டமாகவே திறக்கும். ஹூஆம்ஐ கமாண்டை அடித்து உறுதி செய்துகொண்டு, அங்கிருந்து டிர் போட்டு \\சர்வர்1\பில்கள் பாதையைப் பட்டியலிடுங்கள். தனி யூசர் அக்கவுன்ட் என்றால் ரன்ஆஸ் கொடுத்து அந்த ஆளாகத் திறந்து அதையே செய்யுங்கள். அங்கே வரும் பதிலும் சர்வீஸ் லாகில் வரும் பதிலும் ஒன்றாக இருந்தால் கோடைத் தொட வேண்டிய அவசியமே இல்லை, பிரச்சினை முழுக்க அக்கவுன்ட் பக்கம். அங்கே திறந்து சர்வீஸில் திறக்கவில்லை என்றால் கோடிலோ கான்ஃபிக்கிலோ ஏதோ இருக்கிறது. இதோடு, சர்வீஸ் கிளம்பும்போது விண்டோஸ்ஐடென்டிட்டி கிளாஸில் இருந்து தற்போதைய பெயரை எடுத்து லாக் ஃபைலின் முதல் வரியாக எழுத வையுங்கள். ஒரே ஒரு வரி. ஆறு மாதம் கழித்து யாரோ சர்வீஸை மறுபடி நிறுவி அக்கவுன்ட் பழையபடி லோக்கல் சிஸ்டமுக்குத் திரும்பிவிட்டால் அந்த வரிதான் காட்டிக்கொடுக்கும்.

சர்வர் பக்கமும் பார்க்க முடியும் என்றால் பாதி நேரம் மிச்சம். கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட்டில் ஷேர்டு ஃபோல்டர்ஸுக்குக் கீழே செஷன்ஸ் என்று இருக்கும், இப்போது எந்தப் பெயரில் எந்த கம்ப்யூட்டரில் இருந்து யார் இணைந்திருக்கிறார்கள் என்று அப்படியே காட்டும். உள்ளே வர முடியாமல் போனவர்களை ஈவென்ட் வியூவரின் செக்யூரிட்டி லாகில் 4625 என்ற எண்ணில் தேடுங்கள், வந்தவர்கள் 4624, அதில் லாகான் டைப் 3 என்பது நெட்வொர்க் வழியாக வந்தது. டொமைனில் டொமைன் கன்ட்ரோலரின் லாகையும் சேர்த்துப் பார்க்க வேண்டிவரலாம். 4625ல் இருக்கும் பெயரைப் படித்தாலே பல சமயம் 'அட, இந்த ஆளாகவா போகிறது' என்று புரிந்துவிடும். சர்வர் பக்கம் உங்களுக்கு அனுமதி இல்லை என்றால், எந்த நிமிஷத்தில் எரர் வந்தது என்ற நேரத்தைச் சரியாகக் குறித்து அட்மினிடம் கொடுங்கள். 'ஷேர் திறக்கவில்லை' என்று மட்டும் சொன்னால் அவர் தன் சீட்டில் இருந்து திறந்து பார்த்துவிட்டு 'எனக்குத் திறக்கிறதே' என்பார், அதோடு முடிந்துவிடும்.

சிலர் உங்களுக்கு வேறு யோசனை சொல்வார்கள்: சர்வீஸ் கிளம்பும்போதே கோடுக்குள் இருந்து நெட் யூஸை பாஸ்வேர்டோடு ஓட்டி இசட்டை மேப் செய்துவிடு என்று. வேலை செய்யவும் செய்யும், அதனால்தான் அந்த யோசனை சாகாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆனால் பாஸ்வேர்டு வெட்டவெளியில் கிடக்கும், அதே அக்கவுன்ட்டில் ஓடும் இன்னொரு சர்வீஸ் அதே சர்வருக்கு வேறு பெயரில் போனால் 1219 வரும், இணைப்பு அறுந்தால் யார் மறுபடி மேப் செய்வது என்ற கேள்வியும் இருக்கிறது. சர்வீஸின் அக்கவுன்ட்டை வைத்து எதிரே நுழையவே வழியில்லை, உதாரணமாக எதிரே இருப்பது தனக்கென்று தனி யூசர் பட்டியல் வைத்திருக்கும் நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் நேரடியாக மாட்டும் ஸ்டோரேஜ் பெட்டி) என்றால், டபிள்யூநெட்ஆட்கனெக்‌ஷன்2 என்ற விண்டோஸ் ஃபங்ஷனை டிரைவ் எழுத்து கொடுக்காமல் அழைத்து இணைக்கலாம். பாஸ்வேர்டை கோடில் எழுதாமல் பாதுகாத்து வையுங்கள்.

நாஸ் பற்றிச் சொன்னதால் இதையும் சேர்க்கிறேன், இது உங்களுக்குப் பொருந்துமா என்பது எதிரே என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. எஸ்எம்பி என்பது விண்டோஸ் ஷேர் ஃபோல்டருக்குப் பயன்படுத்தும் நெட்வொர்க் மொழி. பழைய நாஸ் பெட்டிகள் அதன் பழைய பதிப்பான எஸ்எம்பி 1 மட்டும் பேசும், அல்லது யார் வந்தாலும் கெஸ்ட் என்று உள்ளே விடும். விண்டோஸ் 10ன் 1709 பதிப்பில் இருந்து எஸ்எம்பி 1 புதிதாக நிறுவும்போது இயல்பாக வருவதில்லை. கெஸ்ட்டாக நுழைவதையும் முதலில் என்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில் நிறுத்தினார்கள், விண்டோஸ் 11ன் 24எச்2வில் புரோவுக்கும் அது வந்துவிட்டது. அதே 24எச்2 புரோ, என்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில் எஸ்எம்பி சைனிங்கும் (வழியில் யாரும் மாற்றாதபடி ஒவ்வொரு செய்தியிலும் கையெழுத்து சேர்ப்பது) இயல்பாகவே கட்டாயம். கெஸ்ட் தடுக்கப்பட்டால் எரர் எண் 1272 ஆக வரும். இதற்காக விண்டோஸில் பழையதையெல்லாம் மறுபடி ஆன் செய்யச் சொல்லும் வீடியோக்கள் ஏராளம். வேண்டாம். 2017ல் வானாக்ரை பரவியது எஸ்எம்பி 1ல் இருந்த ஓட்டை வழியாகத்தான். நாஸின் ஃபர்ம்வேரைப் புதுப்பித்து, அதில் பெயரும் பாஸ்வேர்டும் உள்ள யூசரை உருவாக்குங்கள்.

சர்வீஸை விட்டுவிட்டு டாஸ்க் ஷெட்யூலரில் போட்டுவிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். இரவில் ஒரு தடவை ஓடினால் போதும் என்றால் தாராளமாக, எனக்கே அதுதான் பிடிக்கும். ஆனால் அங்கேயும் இசட் கிடையாது, யுஎன்சிதான். 'யூசர் லாகின் செய்திருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓட்டு' என்பதைத் தேர்ந்தெடுத்தால் அதற்குக் கீழே 'பாஸ்வேர்டைச் சேமிக்காதே' என்று ஒரு சின்ன டிக் பெட்டி வரும். பாதுகாப்பாக இருக்கும் என்று நினைத்து அதை டிக் செய்கிறார்கள். பக்கத்திலேயே, அப்படிச் செய்தால் டாஸ்க்குக்கு இந்தக் கம்ப்யூட்டரில் இருப்பவை மட்டும்தான் கிடைக்கும் என்று எழுதியிருக்கிறது, யாரும் படிப்பதில்லை. ஷேர் ஃபோல்டர் வேண்டுமென்றால் அந்த டிக் இருக்கக் கூடாது. எஸ்கியூஎல் சர்வர் பேக்கப்பை ஷேரில் எழுத முடியாமல் தவிப்பவர்களுக்கும் இதே கதைதான், அங்கே ஷேருக்குப் போகிறவர் நீங்கள் அல்ல, எஸ்கியூஎல் சர்வீஸ் அக்கவுன்ட்.

எல்லாம் திறந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம், அப்புறமும் சில விஷயங்கள் உங்களைக் கடிக்கும். ஃபைல்சிஸ்டம்வாட்சர் வைத்து புது பில் வந்ததும் தெரிந்துகொள்ளலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். நெட்வொர்க் ஷேரில் அதை மட்டும் நம்பாதீர்கள். ஒரே நேரத்தில் நிறைய ஃபைல் விழுந்தால் அதன் பஃபர் நிரம்பி அறிவிப்புகள் தொலைந்துபோகும், நெட்வொர்க் பாதைக்கு அந்த பஃபரை 64 கேபிக்கு மேல் கூட்டவும் முடியாது. சில நிமிடத்துக்கு ஒரு முறை ஃபோல்டரை முழுக்கப் பட்டியலிட்டுப் பார்ப்பதே போதும், பில்லுக்கு ஒன்றும் அவ்வளவு அவசரம் இல்லை. அந்தப் பக்கம் ஸ்கேனர் பாதி எழுதிக்கொண்டிருக்கும்போது நீங்கள் திறக்கப் பார்த்தால் எரர் 32 வரும், அதைப் பிழையாக எண்ணாமல் அடுத்த சுற்றில் பார்த்துக்கொள்ளும்படி விடுங்கள். ஃபைல் வந்த அடுத்த நொடியே புரோகிராமுக்குத் தெரியவில்லை என்றாலும் பதற வேண்டாம், எஸ்எம்பி கிளையன்ட் ஃபோல்டர் பட்டியலை இயல்பாக 10 நொடி வரையும், 'இல்லை' என்ற பதிலை 5 நொடி வரையும் நினைவில் வைத்திருக்கும். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும்போது நெட்வொர்க் தயாராகும் முன்பே சர்வீஸ் கிளம்பிவிடுவதும் உண்டு, ஒரு தடவை தோற்றதும் நின்றுவிடாமல் கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி முயலும்படி எழுதுங்கள், ஸ்டார்ட்டப்பை 'டிலேய்டு' என்று வைத்தாலும் நல்லது.

உங்கள் நெட்வொர்க்கைப் பார்க்காமல் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இசட் டிரைவ் விஷயம் ஒன்றுதான். அக்கவுன்ட் பற்றிச் சொன்னது, நீங்கள் லாக் ஆன் ஆஸை மாற்றவில்லை என்று ஊகித்து எழுதியது. நாஸ் பற்றியது, எதிரே விண்டோஸ் சர்வர் இல்லை என்றால் மட்டும். அதனால் முதலில் யுஎன்சிக்கு மாற்றி, எக்ஸிஸ்ட்ஸை எடுத்துவிட்டு ஒரு தடவை ஓட்டுங்கள். அது உடனே வேலை செய்துவிட்டால், எவ்ரிஒன்னை நீங்கள் உண்மையிலேயே எடுத்துவிட்டீர்களா என்று ஒரு தடவை பாருங்கள், அதன் தயவில்தான் ஓடுகிறதோ என்னவோ. வேலை செய்யாவிட்டால் லாகில் வந்த எரர் எண், சர்வீஸ் எழுதிய பெயர், டொமைனா ஒர்க்குரூப்பா, எதிரே விண்டோஸா நாஸா, இந்த நான்கையும் இங்கேயே எழுதுங்கள், பாஸ்வேர்டையும் சர்வரின் உண்மையான பெயரையும் மட்டும் போட்டுவிடாதீர்கள். அதைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு சொல்கிறேன்.